கண்ணுக்குத் தெரிந்த எஞ்சின்

அம்பாஸடர் காரின் பானெட்டைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். எஞ்சின் நடுவில் தனியாக உட்கார்ந்திருக்கும். அதன் இரு பக்கங்களிலும் ஒரு மனிதன் முழங்கைக்கு மேல் கையை விட்டுத் துழாவக்கூடிய அளவுக்கு இடம் காலியாகக் கிடக்கும். சற்றுக் குனிந்தால் அந்த இடைவெளி வழியே கீழே இருக்கும் தரையே தெரியும். மெக்கானிக்கின் கை தவறி விழுகிற ஸ்பேனர் எங்கும் தங்காமல் ரோட்டில் போய் விழுந்து ஓசை எழுப்பும். அவர் குனிந்து எடுத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடருவார். இன்றைய காரில் அதே ஸ்பேனர் நழுவினால், குழாய்களுக்கும் ஒயர்க் கற்றைகளுக்கும் நடுவே எங்கேயோ மறைந்து, எஞ்சினுக்கு அடியில் பொருத்தியிருக்கும் பிளாஸ்டிக் தட்டில் போய்த் தங்கிவிடும். வண்டியை லிஃப்டில் ஏற்றி அந்தத் தட்டைக் கழற்றினால்தான் அது திரும்பக் கைக்கு வரும்.

பழைய கார்கள் எளிமையானவை, புதியவை சிக்கலானவை என்று எல்லோரும் சொல்லுகிறோம். ஆனால் அந்த எளிமை எதில் இருந்தது, எதன் பொருட்டு அதை இழந்தோம், இழந்தவற்றுள் நியாயமாகப் போனது எவ்வளவு, அநியாயமாகப் பறிபோனது எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பவர்கள் மிகச் சிலரே. பழைய நாட்களைப் புகழ்வது சுலபமான காரியம். அதற்கு ஞாபகசக்தி கொஞ்சம் குறைவாக இருந்தால் போதும்.

இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை மூலமாகக் கொண்டு, கல்கத்தாவுக்கு அருகிலுள்ள உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனத்தார் 1957 முதல் 2014 மே மாதம் வரை தயாரித்து வந்த அம்பாஸடரையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். ஏனென்றால் நம் தேசத்தில் மந்திரிக்கும் மாவட்டக் கலெக்டருக்கும், கல்யாண ஊர்வலத்துக்கும் வாடகை ஸ்டாண்டுக்கும் ஒரே வண்டியாக அரை நூற்றாண்டுக்கு மேல் உழைத்தது அது ஒன்றுதான். நெடுங்காலம் அதன் உயிராக இருந்தது 1489 சி.சி. கொள்ளளவும் நான்கு சிலிண்டர்களும் கொண்ட பெட்ரோல் எஞ்சின். அந்த எஞ்சினைச் சுற்றியிருந்த துணைக் கருவிகளை ஒரு கை விரல்களை மடக்கி எண்ணிவிடலாம்: பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர், தீப்பொறியைப் பங்கிட்டுத் தரும் டிஸ்ட்ரிபியூட்டர், மின்சாரம் உண்டாக்கும் டைனமோ, எஞ்சினைக் கிளப்பிவிடும் செல்ஃப் மோட்டார், டாங்கியிலிருந்து பெட்ரோலை இழுக்கும் பம்ப். ஐந்தும் வெளியே தெரியும்படி இருந்தன. ஐந்தையும் இரண்டு மூன்று ஸ்பேனர்களைக் கொண்டு கழற்றி மாட்டலாம்.

வண்டி நடுவழியில் நின்றுவிட்டால் மெக்கானிக் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளும் கேள்விகள் இரண்டே. கரண்டு வருகிறதா? பெட்ரோல் வருகிறதா? முதல் கேள்விக்கு விடை காண ஒரு பிளக்கின் ஒயரை உருவி, அதன் நுனியை எஞ்சின் இரும்புக்குக் கால் அங்குலத் தூரத்தில் பிடித்துக்கொண்டு, "தம்பி, செல்ஃப் அடிப்பா" என்று உள்ளே இருக்கும் பையனுக்குக் குரல் கொடுப்பார். நீல நிறத்தில் பளிச்சென்று பொறி தாவினால் கரண்டுக்குக் குறைவில்லை. மஞ்சளாகச் சோம்பித் தாவினாலோ, தாவாமலே இருந்துவிட்டாலோ குற்றம் அந்தப் பக்கத்தில்தான். இரண்டாவது கேள்விக்கு, கார்புரேட்டருக்கு வரும் குழாயைத் தளர்த்திவிட்டுப் பம்பின் கைப்பிடியை நாலு தடவை அசைப்பார். பெட்ரோல் பீறிட்டு வந்தால் அந்தச் சந்தேகமும் தீர்ந்தது. "இதும் வருது, அதும் வருது, அப்புறம் ஓடாம எங்க போகும் முதலாளி?" என்று அவர் சொல்லும்போது, பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கும் சொந்தக்காரருக்கும் அந்தத் தர்க்கம் முழுவதும் விளங்கிவிடும். என் அபிப்பிராயத்தில் பழைய காரின் எளிமை என்று சொல்லத் தக்கது இதுவே. உறுப்புகள் குறைவு என்பது அதில் பாதிதான். காரணமும் காரியமும் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக, பாமரனுக்கும் பிரத்தியட்சமாக இருந்தன என்பதே மறு பாதி.

டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றினால் உள்ளே 'பாயிண்ட்' என்று அழைக்கப்பட்ட ஒரு சிறு சாதனம் இருக்கும். இரண்டு சின்ன உலோகப் பொட்டுகள்; ஒன்று நிலையாக நிற்கும், மற்றொன்று நடுவே சுழலும் சதுரமான தண்டின் முனைகள் இடிக்க இடிக்க விலகியும் ஒட்டியும் நிற்கும். ஒட்டியிருக்கும்போது காயிலில் மின்சாரம் பாயும். விலகிய கணத்தில் அந்த ஓட்டம் அறுந்து, பாட்டரியின் 12 வோல்ட் காயிலுக்குள் பல ஆயிரம் வோல்ட்டாக எழும்பிப் பிளக்கின் முனையில் பொறியாகப் பாயும். எஞ்சின் நிமிஷத்துக்கு 3000 சுற்று சுற்றினால், நான்கு சிலிண்டர் வண்டியில் அந்தப் பொட்டுகள் விநாடிக்கு நூறு தடவை விலகி ஒட்ட வேண்டும். இவ்வளவு உழைக்கும் பொருள் தேயாமல் இருக்குமா? சில ஆயிரம் மைலுக்கு ஒரு தரம் மெக்கானிக் மூடியைத் திறந்து, பொட்டுகளின் கரியை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, இரண்டுக்கும் நடுவே 0.015 அங்குலம் இடைவெளி இருக்கும்படி திருப்புளியால் நகர்த்தித் திருகை முடுக்குவார். பிளக்கின் முனை இடைவெளி 0.025 அங்குலம், சாதாரண ஆக்ஸா பிளேடின் கனமும் ஏறக்குறைய அதுவேயாகையால், அளவு பார்க்கும் தகடு கையில் இல்லாதவர்கள் ஒடிந்த பிளேடுத் துண்டைச் செருகிப் பார்த்துத் திருப்தியடைவதும் உண்டு.

கார்புரேட்டர் இன்னும் அழகான வேலைப்பாடு. அம்பாஸடரின் பழைய மாதிரிகளில் இருந்த எஸ்.யு. கார்புரேட்டரில், எஞ்சின் உறிஞ்சும் காற்றின் அளவுக்குத் தக்கபடி ஒரு பிஸ்டன் தானாகவே மேலே எழும்பும். அதன் அடியில் தொங்கும் கூர்மையான ஊசி, பெட்ரோல் வரும் துவாரத்தை அதற்கேற்ற அளவுக்குத் திறந்துவிடும். காற்று அதிகமானால் பெட்ரோலும் அதிகம், காற்றுக் குறைந்தால் பெட்ரோலும் குறைவு. நடுவில் கணக்குப் போடுவதற்கு எந்த மூளையும் வைக்கப்படவில்லை. கலவை சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் முறை இன்னும் விசேஷமானது. பக்கத்தில் இருக்கும் சிறு முளையை விரலால் அமுக்கிப் பிஸ்டனை மயிரிழை உயர்த்தி, எஞ்சினின் சத்தத்தைச் செவிசாய்த்துக் கேட்பார்கள். சத்தம் ஏறி, ஏறியபடியே நின்றால் பெட்ரோல் அதிகம். தடுமாறி அணையப் பார்த்தால் பெட்ரோல் போதாது. கொஞ்சம் ஏறி உடனே பழைய நிலைக்கு இறங்கினால் எல்லாம் சரி. மானி எதுவும் வேண்டியதில்லை. பழகிய காது இருந்தால் போதும்.

சென்னைவாசிகளுக்கு இந்த எளிமையின் வேறொரு ரூபமும் பரிச்சயம். வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தார் தயாரித்த ஹெரால்ட் காரில் பானெட்டும் முன்சக்கரங்களை மூடியிருக்கும் மட்கார்டுகளும் சேர்ந்து ஒரே தகடாக முன்பக்கம் சாய்ந்து திறக்கும். திறந்துவிட்டால் எஞ்சின், சக்கரம், ஸ்பிரிங், ஸ்டியரிங் கம்பி அனைத்தும் ஒருசேர வெளியே வந்துவிடும். மெக்கானிக் முன் டயரின் மேல் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டு வேலையைப் பார்க்கலாம். இன்றைய எந்தக் காரிலும் அப்படி உட்கார இடம் கிடையாது.

இப்படி எளிதாக இருப்பது என்றால் புத்தியைச் செலவழிக்காமல் செய்தது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பிரான்ஸ் தேசத்துக் குடியானவர்களுக்காக 1948இல் வெளிவந்த சித்ரோயன் 2சிவி காரில், கண்ணாடி துடைக்கும் வைப்பருக்குத் தனி மோட்டார் வைக்காமல், வேகமானிக்குப் போகும் கேபிளைக் கொண்டே அதை ஓட்டினார்கள். வண்டி வேகமாகப் போனால் வைப்பரும் வேகமாக ஆடும், வண்டி நின்றால் அதுவும் நிற்கும். ஜெர்மானியரின் வோக்ஸ்வேகன் பீட்டிலில், 1960களில், கண்ணாடிமேல் தண்ணீர் பீய்ச்சுவதற்கு வேண்டிய அழுத்தத்தை ஸ்டெப்னி டயரின் காற்றிலிருந்தே எடுத்துக்கொண்டார்கள். மோட்டார் ஒன்று மிச்சம், ஒயர் ஒன்று மிச்சம், பழுதாகக்கூடிய பொருளும் ஒன்று குறைவு. சிக்கலான பொருளைச் சேர்த்துக்கொண்டே போவதைவிட இப்படி ஒன்றைக் கழித்துவிடுவதற்குக் கூடுதல் சாமர்த்தியம் வேண்டும் என்பது என் எண்ணம்.

எளிய எஞ்சினிடம் மற்றொரு குணமும் இருந்தது: அது சாப்பாட்டில் சொகுசு பார்க்காது. இரண்டாவது உலக யுத்தத்தின்போது பெட்ரோலுக்குக் கடும் பஞ்சம் வந்த காலத்தில், நம் ஊர்ப் பஸ்களின் பின்புறத்தில் ஓர் ஆள் உயரத்துக்குக் கரி அடுப்பு ஒன்றைக் கட்டி, அடுப்புக் கரியைக் குறைந்த காற்றில் புகையவிட்டு, அதிலிருந்து வரும் வாயுவை வடிகட்டி எஞ்சினுக்கு ஊட்டி ஓட்டினார்கள். மதுரை டி.வி.எஸ். நிறுவனத்தார் இதற்காகவே ஒரு சாதனத்தை வடிவமைத்துத் தயாரித்தார்கள். மேட்டில் இழுவை குறைந்தது. புறப்படுவதற்கு முன்னால் அடுப்பை மூட்டி விசிறிவிட்டுக் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனாலும் பஸ் ஓடியது. பெட்ரோலுக்கென்று செய்த எஞ்சினுக்குக் கரி வாயுவை ஊட்டி ஓட்ட முடிந்ததற்குக் காரணம், உள்ளே வரும் வாயு எரியுமா எரியாதா என்பதைத் தவிர வேறு எதையும் விசாரிக்கிற கருவி அதில் இல்லாததே.

இத்தகைய யந்திரம் தன்னை வைத்திருப்பவனுக்குத் தானே உபாத்தியாயராகவும் இருந்தது. 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே பஸ் ஓட்டித் தொழில் தொடங்கிய கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு, எஞ்சினியரிங் கல்லூரியில் பயின்றவரல்லர். இளமையில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, பாகம் பாகமாகப் பிரித்துப் போட்டு, மறுபடி பூட்டிப் பார்த்தே யந்திர சாஸ்திரத்தைக் கற்றுக்கொண்டார் என்பார்கள். அவ்வளவு பெரிய மேதையாக இல்லாவிட்டாலும், தமிழ்நாட்டின் ஒவ்வொரு பஸ் ஸ்டாண்டை ஒட்டியும் பட்டறை வைத்த நூற்றுக்கணக்கான மேஸ்திரிகள் அதே பாடசாலையில்தான் படித்தார்கள். காரோடு வந்த கையேடும் அந்தப் பாடத்துக்கு அனுகூலமாகவே இருந்தது. டாப்பெட் இடைவெளியை எப்படிச் சரிசெய்வது, பாயிண்டை எப்படி மாற்றுவது என்று சொந்தக்காரருக்கே படம் போட்டு விளக்கும்.

இவ்வளவும் சொன்ன பிறகு மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் வாசகர்களை ஏமாற்றியதாகும். பழைய கார் பழுதாகாத கார் அல்ல. சொல்லப்போனால் ஓயாமல் பழுதான கார். கொடைக்கானல் மலையில் பாதி ஏறுவதற்குள் ரேடியேட்டர் கொதித்துப் புஸ்ஸென்று ஆவி விடும். கோடைகாலத்தில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி வழியை அடைத்துக்கொள்ள, பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றிவிட்டு மரநிழலில் காத்திருக்க வேண்டும். ஸ்டியரிங்குக்கு அடியிலிருந்த கியர்த் தண்டு திடீரென்று சிக்கிக்கொண்டால், டிரைவர் இறங்கிப் பானெட்டைத் திறந்து கம்பியைத் தட்டிவிட்டுத்தான் மேலே போக முடியும். மாரிக்காலத்து விடியற்காலைகளில் சோக்கை இழுத்து, ஹாண்டில் போட்டுச் சுற்றிக் கைவலி கண்டவர்கள் எத்தனையோ பேர். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை எஞ்சினை இறக்கிப் போர் பண்ணி, ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டியிருக்கும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்குப் பத்துக் கிலோமீட்டர் கொடுத்தாலே அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். இன்னும் பின்னால் போனால், அமெரிக்காவில் 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி உற்பத்தியான ஃபோர்டு மாடல்-டி காரில் பெட்ரோல் பம்ப்பே கிடையாது; ஸீட்டுக்கு அடியில் இருந்த டாங்கியிலிருந்து பெட்ரோல் தன் எடையாலேயே எஞ்சினுக்கு வடியும். அதனால் பெட்ரோல் குறைந்திருக்கும்போது செங்குத்தான மேடு வந்தால், டிரைவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு ரிவர்ஸ் கியரில் பின்பக்கமாகவே மேட்டை ஏற வேண்டும்! எளிமை அவ்வளவு தூரத்துக்குப் போய்விட்டால் அதை யார்தான் விரும்புவார்கள்?

ஆனால் கார்களின் சிக்கலுக்கு வழிவகுத்தது சொந்தக்காரர்களின் இந்தச் சிரமங்களைக் காட்டிலும், காரே இல்லாத ஜனங்களின் சுவாசம்தான். கார்புரேட்டர் எவ்வளவு அழகான சாதனமானாலும் அதற்குக் கண் இல்லை. வெளியே போகும் புகையில் என்ன இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. பெட்ரோல் பூரணமாக எரிய வேண்டுமானால் ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய அருமையான உலோகங்கள் பூசிய காட்டலிடிக் கன்வெர்ட்டர் என்னும் சாதனம், கார்பன் மோனாக்ஸைடு, எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்ஸைடுகள் ஆகிய மூன்று நஞ்சுகளையும் ஒரே சமயத்தில் போக்கிவிடக்கூடியது. ஆனால் அந்த 14.7 என்னும் கணக்கிலிருந்து கலவை சிறிது வழுவினாலும் அதன் சக்தி பாழாகிவிடும். குளிரிலும் வெயிலிலும், மேட்டிலும் இறக்கத்திலும், புதிதாக இருக்கும்போதும் தேய்ந்த பிறகும் அந்தக் கணக்கை விடாமல் பிடிப்பது ஊசிக்கும் ஸ்பிரிங்குக்கும் இயலாத வேலை. ஆகவே புகைக் குழாயில் ஆக்ஸிஜனை மோப்பம் பிடிக்கும் ஒரு சென்சாரை வைத்து, அது ஒரு வோல்ட்டுக்கும் குறைவான மின்சாரத்தால் சொல்லும் செய்தியைக் கேட்டு, பெட்ரோலை விநாடியில் ஆயிரத்தில் இத்தனை பங்கு நேரம் பீய்ச்சு என்று உத்தரவிடும் ஒரு கம்ப்யூட்டரையும் காருக்குள் குடியேற்ற வேண்டியதாயிற்று.

நம் நாட்டில் 1995 ஏப்ரல் முதல் தில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களிலும் விற்கும் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயமாயிற்று. ஈயம் பட்டால் கன்வெர்ட்டர் செத்துவிடுமாகையால் ஈயமற்ற பெட்ரோலும் உடன் வந்தது. குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் அந்த ஈயம், 2000ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நாடு முழுவதும் பெட்ரோலிலிருந்து விலக்கப்பட்டது. எளிமைக்குப் பேர்போன மாருதி 800 கூட அந்த ஆண்டு வாக்கில் கார்புரேட்டரைக் கைவிட்டுக் கம்ப்யூட்டருக்கு மாறியது. 2020 ஏப்ரலில் வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகளுக்குப் பிறகு, பழைய முறையில் ஒரு காரைக் கட்டி விற்பது சட்டத்துக்கும் ஒவ்வாது, இயற்கை விதிக்கும் ஒவ்வாது. சென்னைப் புதுப்பேட்டையின் உதிரிப் பாகக் கடைகளில் பழைய கார்புரேட்டரைக் கையில் வைத்துக்கொண்டு பெருமூச்சு விடுகிறவர்களைக் கண்டால் எனக்கும் அனுதாபம் உண்டாகிறது. ஆனால் அந்தக் கடைத்தெருவின் முனையில் நாள் முழுவதும் நின்று போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் போலீஸ்காரருடைய நுரையீரலையும் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும்.

தவிர, புதிய முறையிலும் கூர்ந்து பார்ப்பவர்களுக்கு மனத்தைக் கவரும் எளிமை அங்கங்கே ஒளிந்திருக்கிறது. எந்த நொடியில் பொறியைக் கொடுக்க வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டர் எப்படி அறிகிறது? எஞ்சினின் பிரதானத் தண்டில் பல்சக்கரம் ஒன்று இருக்கும். பல கார்களில் அதில் அறுபது பல்லுக்கு இடம் இருந்தும் ஐம்பத்தெட்டுப் பல்லே வெட்டியிருப்பார்கள். பக்கத்தில் உள்ள சென்சார் ஒவ்வொரு பல்லும் கடப்பதை எண்ணிக்கொண்டே வரும். இரண்டு பல் பொக்கையாக உள்ள இடம் வந்ததும், தண்டு இந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும். பாயிண்டின் பொட்டுகளைப் போல் அதற்குத் தேய்மானம் இல்லை. உப்புத்தாளும் வேண்டாம், திருப்புளியும் வேண்டாம். அது அப்படிக் கண்ணுக்கு மறைவாக, யாருக்கும் தெரியாமல் வேலை செய்வதுதான் அதன் பெருமையும் குறையும்.

உயிர்ப் பாதுகாப்பைப் பற்றி ஒரு பிரமை நம்மிடையே வேரூன்றியிருக்கிறது: பழைய காரில் தகடு கனம், மோதினாலும் ஒன்றும் ஆகாது, இந்தக் காலத்துக் கார்கள் தொட்டால் நசுங்குகின்றன என்பது. அமெரிக்காவில் சாலைப் பாதுகாப்பை ஆராயும் ஐ.ஐ.எச்.எஸ். என்னும் ஸ்தாபனம் 2009இல் இதைக் கண்கூடாகவே சோதித்துக் காட்டியது. 1959ஆம் வருஷத்து ஷெவர்லே பெல் ஏர் காரையும் 2009ஆம் வருஷத்து ஷெவர்லே மாலிபு காரையும் மணிக்கு 40 மைல் வேகத்தில் எதிரெதிராக மோதவிட்டார்கள். கனத்த பழைய காரில் டிரைவர் உட்காரும் அறையே குலைந்து நொறுங்கியது. ஸ்டியரிங் உள்ளே பாய்ந்தது. அதில் மனிதன் இருந்திருந்தால் பிழைத்திருக்கமாட்டான். புதிய காரின் முன்பகுதி அப்பளமாய் நசுங்கினாலும், அதன் டிரைவருக்குக் காலில் ஏற்பட்டிருக்கக்கூடிய காயத்தைத் தவிரப் பெரிய தீங்கு ஒன்றுமில்லை. மோதலின் வேகத்தை எங்கேயாவது ஓரிடத்தில் கரைத்தாக வேண்டும். தகடு நசுங்கிக் கரைக்காவிட்டால் அது மார்பெலும்புக்கு வந்து சேரும். பிரேக்கை அழுத்தியதும் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சறுக்காமல் விநாடிக்குப் பல தடவை பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கும் ஏ.பி.எஸ்., கண் இமைக்கும் நேரத்துக்குள் விரியும் காற்றுப் பை முதலியவற்றுக்காக ஒயர்களும் சென்சார்களும் பெருகியிருக்கின்றன என்றால், அந்தப் பெருக்கத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பட்டறையில் என்ன மாறியது? பழைய மேஸ்திரியின் இரண்டு கேள்விகளுக்குப் பதிலாக, ஸ்டியரிங்குக்கு அடியில் உள்ள பதினாறு ஊசித் துளைகள் கொண்ட சொருகியில் ஸ்கேனரை மாட்டுகிறார்கள். திரையில் ஓர் எண் வருகிறது. உதாரணமாக, பி-0171 என்று வந்தால் கலவையில் பெட்ரோல் போதவில்லை என்று பொருள். ஆனால் ஏன் போதவில்லை? ரப்பர் குழாய் ஒன்று வெடித்துக் கணக்கில் வராத காற்று உள்ளே போகலாம். பெட்ரோல் பம்பு சோர்ந்திருக்கலாம். காற்றை அளக்கும் சென்சாரில் தூசி படிந்திருக்கலாம். இவற்றில் எது என்பதை அந்த எண் சொல்லாது. அரைகுறையாகக் கற்றவர், திரையில் பார்த்ததும் ஒரு சென்சாரை மாற்றிவிட்டுப் பில்லை நீட்டுவார். அடுத்த வாரம் அதே விளக்கு மறுபடி எரியும். விஷயம் தெரிந்தவரோ, எஞ்சினை ஓடவிட்டுக் குனிந்து, ஸ்ஸென்று காற்று உறிஞ்சும் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று காதால் தேடி, கொஞ்சம் பணத்தில் ரப்பர்க் குழாயை மாற்றி அனுப்பிவிடுவார். முளையை அமுக்கிச் செவிசாய்த்த அதே காது இன்னும் தேவைப்படத்தான் செய்கிறது. அதற்குச் சம்பளம் கொடுப்பவர்கள்தாம் குறைந்துவிட்டார்கள். மற்றபடி, எப்போதோ ஒருமுறை தலைகாட்டி மறைகிற கோளாறை, அது நேர்ந்தபோது வேகம் என்ன, சூடு என்ன என்ற விவரங்களோடு புதிய கம்ப்யூட்டர் எழுதி வைத்திருக்கும். பழைய வண்டி இப்படிப்பட்ட கோளாறைப் பட்டறை வாசலில் ஒருநாளும் காட்டாது என்பது அநுபவஸ்தர்களுக்குத் தெரியும்.

ஆகவே புகைக்காகவும் உயிருக்காகவும் வந்த சிக்கலுக்கு நாம் கடன்பட்டவர்கள். அந்த இரண்டின் பெயரையும் சொல்லிக்கொண்டு பின்னால் நுழைந்த வேறு வகைச் சிக்கல் ஒன்று இருக்கிறது. எனக்குச் சண்டை அதனோடுதான். கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல் விரலால் தடவித் திருகக்கூடிய குமிழ்களை எடுத்துவிட்டு, ஏ.ஸி.யைக் குறைப்பதற்கும் கண்ணாடியில் படிந்த பனியைப் போக்குவதற்கும் ஒரு பெரிய திரையைப் பார்த்துப் பார்த்துத் தட்டும்படி வைத்ததில் எந்தப் பாதுகாப்பு இருக்கிறது? இதனால் ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பைச் சோதித்து நட்சத்திரம் வழங்கும் யூரோ என்காப் அமைப்பே, 2026 முதல் இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர், அபாய விளக்கு போன்ற அவசியமான காரியங்களுக்குத் தனிப் பொத்தான் இருந்தால்தான் முழு மதிப்பெண் என்று விதி செய்ய வேண்டி வந்தது. பல கார்களில் புதிதாக வாங்கிப் பொருத்திய உதிரிப் பாகம் சரியாகப் பொருந்தினாலும், கம்பெனியின் கம்ப்யூட்டர் அதற்கு அங்கீகாரச் சீட்டு எழுதித் தராதவரையில் வேலை செய்ய மறுக்கிறது. சாவி தொலைந்தால் கொல்லுப் பட்டறைக்காரரால் பயனில்லை. உள்ளே இருக்கும் சில்லுக்கு வண்டி ஒப்புதல் தர வேண்டும். திருடனைத் தடுக்க இது உதவுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஹெட்லைட்டுக்கும் பாட்டரிக்கும் இந்த மரியாதை எதற்கு?

அம்பாஸடரின் உற்பத்தி நின்ற அதே 2014ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், இந்தியப் போட்டி ஆணையம் பதினான்கு கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உதிரிப் பாகங்களையும், கோளாறு கண்டுபிடிக்கும் கருவிகளையும், பழுதுபார்க்கும் கையேடுகளையும் வெளிப் பட்டறைக்காரர்களுக்குக் கிடைக்கவிடாமல் செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. கம்பெனிகள் மேல்மன்றங்களுக்குப் போய் வழக்கு வருஷக்கணக்கில் நீண்டது. 2022 டிசம்பரில் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளத்தைத் திறந்தது. கார்களும் அதன் எல்லைக்குள் வருகின்றன. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஜனங்கள் 2012லேயே இதற்கென்று வாக்களித்துச் சட்டம் கொண்டுவந்துவிட்டார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. சில நூறு ரூபாய்க்கு இன்று கடையில் கிடைக்கும் ஒரு சிறு ஸ்கேனரை மாட்டி, யார் வேண்டுமானாலும் தம்முடைய எஞ்சினின் கோளாறு எண்ணைத் தம் செல்போனிலேயே படித்துக்கொள்ளலாம். ஏனென்றால் புகையைப் பற்றிய அந்த எண்கள் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவாக, யாரும் படிக்கும்படி இருக்க வேண்டும் என்று சர்க்கார்கள் சட்டம் செய்தார்கள். அதே காரின் காற்றுப் பையையோ, பிரேக் கம்ப்யூட்டரையோ, சாவியையோ பற்றிக் கேட்டால் அந்தச் சிறு ஸ்கேனர் பெரும்பாலும் வாய் திறவாது; கம்பெனியின் சொந்தக் கருவியைத்தான் கொண்டுவர வேண்டும். சட்டம் கேட்ட இடத்தில் கதவு திறந்திருக்கிறது, கேட்காத இடத்தில் பூட்டியிருக்கிறது. இதில் எஞ்சினியரிங் சம்பந்தப்பட்ட கஷ்டம் ஒன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.